'இருட்டா இருக்கு': விண்வெளி ஒளியமைப்பு விமர்சனம் குறித்த ஓர் உயராய்வு

கணினியில் செய்த விண்வெளிக் காட்சிகளின் லைட்டிங்கைப் பற்றி மலேசியாவின் சிம்பாங் அம்பாட் மாமாக் கடைகளில் வழங்கப்படும் கருத்துகளை அறிவுலகம் இன்றுவரை சீண்டாதது வருந்தத்தக்கது. பானையோட்டின் ஒரு கீறலுக்கு மூன்று கருத்தரங்கு நடத்துகிற நாம், பிளெண்டர் மென்பொருளில் இரவெல்லாம் ரெண்டர் ஓடிப் பிறந்த விண்கலத்தைக் கைப்பேசியில் பார்த்து, தே தாரிக்கை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இருட்டா இருக்கே தம்பி" என்று ஓர் அண்ணன் அருளும் வாக்குக்கு உரை எழுதவில்லை. அக்கருத்துகள் மூவகைப்படும். 'சூரியன் ஏன் மஞ்சளா இல்ல?' என்பது முதலாவது: காற்றுமண்டலத்துக்கு வெளியே சூரியன் வெள்ளை, வழக்கு முடிந்தது. 'நட்சத்திரத்தையே காணோமே' என்பது இரண்டாவது: 1969இல் நிலவில் எடுத்த படங்களிலும் காணோம், வெயில் அடிக்கும் தரைக்கு ஏற்ப எக்ஸ்போஷரைக் குறைத்தால் மங்கலான நட்சத்திரம் பதியாது. மூன்றாவதான 'இருட்டா இருக்கு' ஒன்றே ஆய்வுக்கு உரியது.

இயற்பியல் மரபினர் இதைக் கேட்டாலே கொதிப்பார்கள். ஒளியைச் சிதறடிக்க அங்கே காற்றில்லை, வியாழன் அருகே வெயில் பூமியில் உள்ளதில் ஏறத்தாழ 27இல் ஒரு பங்குதான், இருட்டாக இல்லாமல் எப்படி இருக்கும் என்பது அவர்கள் வாதம். வாதம் சரி, முடிவு தவறு. அப்போலோ 11 படங்களில் கலத்தின் நிழலுக்குள் ஏணியில் இறங்கும் ஆல்ட்ரின் நன்றாகவே தெரிகிறார். நிலவின் தரை வெயிலை வாங்கித் திருப்பித் தந்த வெளிச்சம் அது. ஆகவே அண்ணன் கேட்கும், நிழலை நிரப்பும் ஃபில் லைட் இயற்பியலுக்கு விரோதமல்ல, அருகில் வெயில் படும் ஒரு கோளோ நிலவோ இருந்தால் போதும். மேலும் 'இன்டர்ஸ்டெல்லார்' (2014) படத்துக்கு இயற்பியலாளர் கிப் தோர்ன் சமன்பாடுகள் தந்தார். அவற்றை முழுக்கப் பின்பற்றியிருந்தால் கருந்துளையைச் சுற்றும் வட்டின் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் மங்கியும் இருந்திருக்கும். பார்ப்பவர் குழம்புவார் என்று அதை விட்டுவிட்டார்கள். பின்னாளில் நோபல் பெற்றவரின் கணக்கே பார்வையாளருக்கு இறங்கி வந்ததென்றால், தம்பியின் விண்கலம் எம்மாத்திரம்?

எனினும் இருட்டின் மூலகாரணம் விண்வெளியில் இல்லை, மேசைக்கு மேலே தொங்கும் குழல்விளக்கில் இருக்கிறது என்பதே இவ்வாய்வின் துணிபு. படத்தின் கறுப்பு எத்தனை ஆழமானாலும், கைப்பேசிக் கண்ணாடி பிரதிபலிக்கும் வெளிச்சத்துக்குக் கீழே அது இறங்க முடியாது. நிழலில் பொறுமையாகச் செதுக்கிய நுணுக்கமெல்லாம் அந்த வெள்ளைப் பட்டையில் மூழ்கிவிடும். பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பிரகாசத்தைக் குறைத்திருப்பதும், ரொட்டி சானாய் தின்ற விரலின் எண்ணெயும் இதற்குத் துணைக்காரணங்கள். எண்ணெய்க் கொள்கையை ஏற்கும் உரையாசிரியர் ஒருவர், தம் உரைக்குத் தாமே எழுதிய அரும்பதவுரையின் பின்னிணைப்பில், ரொட்டி வருமுன் சொன்ன கருத்தும் வந்தபின் சொன்ன கருத்தும் வேறு வேறு என்று பாடபேதம் காட்டுகிறார். அதற்கு ஆதாரமான கடைச் சீட்டைக் கண்டெடுத்தவர் யாருக்கும் காட்ட மறுக்கிறார். காட்டாத சீட்டை ஒருவர் மேற்கோள் காட்ட, அவரை மற்றவர் மேற்கோள் காட்ட, இருவரும் பேராசிரியராகிவிட்டனர். சீட்டில் இருப்பது குழம்புக் கறையா எழுத்தா என்பதில் மட்டும் இன்னும் பிணக்கு.

வீட்டில் பார்த்தவரும் அதையேதானே சொன்னார் என்று தடை எழுப்பலாம். வீட்டிலும் குழல்விளக்கு உண்டு. விளக்கே குற்றவாளி என்றால் படத்தைப் படைத்தவன் கண்ணுக்கு மட்டும் எல்லாம் எப்படித் தெரிந்தது என்பது வலுவான தடை. அவன் நள்ளிரவில் அறையை இருட்டாக்கி, பெரிய திரைமுன் உட்கார்ந்து, இருளுக்குப் பழகிய கண்ணோடு வேலை செய்தவன். கடைவாசிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இருவரும் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

எனவே கருத்துக் கேட்கப் போகிறவர்கள் திரையைத் துடைத்து, பிரகாசத்தை முழுக்க ஏற்றி, குழல்விளக்கு திரையில் விழாத நாற்காலியாகப் பார்த்து அண்ணனை உட்கார வைத்து, ரொட்டி வருமுன்பே படத்தைக் காட்டிவிடவும்.