பாதி பாட்டில்

எங்கள் தெருவில் கண் வைத்தியம் தெரியாத ஒரே ஜீவன் மணி. அது நாய்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மச்சினன் தன் தலைக்குப் போடும் ஷாம்பூவையே மணிக்கும் போட்டுக் குளிப்பாட்டிவிட்டான். மனுஷத் தோலுக்கு அமிலத்தன்மை கொஞ்சம் உண்டு, நாய்த்தோல் ஏறக்குறைய நடுநிலை, இது வேறு ஷாம்பூ கேட்கும் என்றால், “அதுக்கும் பொடுகு போகட்டுமே அத்தான்” என்கிறான். மணிக்கு இடது கண் சிவந்து, நீர் வடிந்து, மூடிக்கொண்டது.

ஷாம்பூ கண்ணில் பட்டுவிட்டால் சுத்தமான வெதுவெதுப்பான தண்ணீரோ, மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத சலைனோ விட்டு, பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுமையாகக் கழுவ வேண்டும். நாய்க்கு மூன்றாவதாக ஓர் இமை உண்டு. அதன் அடியில் நுரை, முடி எல்லாம் தங்கும். கழுவினால் போதும் என்றால் யார் மதிக்கிறார்கள்? எதிர்வீட்டுப் பாட்டி நந்தியாவட்டை பறிக்கக் கிளம்பிவிட்டார். மாடிவீட்டு சார் விளக்கெண்ணெய் என்றார். இன்னொருவர் தாய்ப்பால் என்றார். யாரிடம் போய்க் கேட்பது என்றதற்கு, அது உங்கள் சாமர்த்தியம் என்றார்.

இவர்களையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பாதி பாட்டில்காரர்களைத்தான் முடியவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் முட்டைக்கென்று குழி வைத்திருக்கிறார்களே, முட்டை வாங்காத வீட்டிலும் அதில் ஒரு கண் சொட்டு மருந்து உட்கார்ந்திருக்கும். பெரியப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது எழுதிக் கொடுத்தது. பெரியப்பாவுக்குத் தலைத்திவசமே முடிந்தாயிற்று, மருந்து தீரவில்லை. நடுவில் பேத்தியின் மெட்ராஸ் ஐக்கு இரண்டு சொட்டு, வெல்டிங் பட்டறைக்குப் போய்வந்த மருமகனுக்கு இரண்டு சொட்டு. வீட்டுப் பத்திரம் தொலையும், ரேஷன் கார்டு தொலையும், இது தொலையாது. லேபிளில் தேதி இருந்த இடம் மட்டும் சரியாக அழிந்திருக்கும். திறந்த ஒரு மாதத்தில் எறிந்துவிடச் சொல்லிப் பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதைப் படிக்க நல்ல கண் வேண்டும், நல்ல கண் உள்ளவன் அந்தப் பாட்டிலை ஏன் எடுக்கப்போகிறான்? வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு குலுக்குக் குலுக்கி, “இருக்கு, இருக்கு” என்று சொல்லும்போது முகத்தில் வரும் பூரிப்பைப் பார்க்க வேண்டும்.

பக்கத்துவீட்டுக்காரர் குலுக்கிக்கொண்டேதான் வந்தார். ஆபரேஷனுக்குப் பின் தரும் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். நாய் காலால் தேய்த்துக் கருவிழியில் கீறல் விழுந்திருந்தால் அது புண்ணை ஆறவிடாது, இன்னும் ஆழமாக்கும். இதையெல்லாம் வாசலில் நின்று சொன்னேன். “எங்க பெரியப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே” என்றார். பெரியப்பா காலால் கண்ணைத் தேய்த்துக்கொள்பவர் அல்ல.

கால்நடை டாக்டர் கண்ணில் சாயம் விட்டு, நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ஓரத்தில் பச்சையாக ஒரு கோடு மின்னியது. சின்னக் கீறல்தான். சொட்டு மருந்தும், தேய்க்காமல் இருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பும் கொடுத்தார். கண் ஆறிவிட்டது.

நேற்று பக்கத்துவீட்டுக்காரர் மறுபடி வந்தார். மாப்பிள்ளைக்குக் கண் சிவந்திருக்கிறதாம், மணியின் மருந்தில் மீதி இருக்குமா என்று கேட்டார். கூம்பும் வேண்டுமா என்றேன்.

அளவு சரியாக இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.