கொதிக்கிற தண்ணியில் குடித்தனம்

ஜான் கோல்ட்டர் என்று ஒரு வேட்டைக்காரர். 1807-08 குளிர்காலத்தில் அமெரிக்காவின் ராக்கி மலைப் பக்கம் தன்னந்தனியாகச் சுற்றிவிட்டு வந்து, அங்கே பூமி கொதிக்கிறது, சேறு குமிழியிடுகிறது, கந்தகம் நாறுகிறது என்று சொன்னார். கேட்டவர்கள் வயிறு குலுங்கச் சிரித்து, அந்த இடத்துக்குக் 'கோல்ட்டரின் நரகம்' என்று பேரும் வைத்தார்கள். காட்டில் தனியாகத் திரிந்தவன் கொஞ்சம் 'போட்டு'விட்டுப் பேசுகிறான் என்று முடிவு கட்டியாயிற்று. பிறகு ஆட்கள் போய்ப் பார்த்து, ஆமாம், கொதிக்கத்தான் கொதிக்கிறது என்று ஒப்புக்கொண்டு, 1872-ல் அந்த வட்டாரத்தில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவை அமைத்தார்கள். இந்த வகையில் உலகத்துக்கே அதுதான் முதல் பூங்கா.

இயற்கை அதிசயம் கையில் கிடைத்தால் மனுசன் முதலில் என்ன செய்வான்? துணி துவைப்பான். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்று, சொல்லிவைத்தாற்போல் குறித்த இடைவெளியில் பீறிட்டு அடிக்கும். அது ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து அழுக்குத் துணியை வாய்க்குள் திணித்துவிட்டுக் காத்திருந்தால், அடுத்த பீறலில் துணி வெளுத்து வெளியே வந்து விழும். 1882-ல் ஜெனரல் ஷெரிடனின் சிப்பாய்கள் இதை முறைப்படி சோதித்தார்கள். பருத்திக்கும் லினனுக்கும் சேதமில்லை. கம்பளி மட்டும் நார்நாராகக் கிழிந்தது. யெல்லோஸ்டோனில் நடந்த பயன்பாட்டு ஆராய்ச்சி வரிசையில் இதையும் சேர்க்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து. முடிவு தெளிவாக இருந்தது. யாரும் காப்புரிமை கேட்கவில்லை.

அப்புறம் எண்பது வருசம் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள், ஊற்றுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். தண்ணீர் ஓடி வழிகிற ஓரமெல்லாம் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று ரங்கோலி போட்டதுபோல் இருந்ததை எல்லோரும்தான் பார்த்தார்கள். அது உயிர் என்று நுண்ணுயிரியல்காரர்களுக்கும் ஓரளவு தெரியும். ஆனால் எந்தச் சூடு வரைக்கும் உயிர் இருக்கும் என்பதில் அவர்கள் வைத்திருந்த கணக்குதான் தமாஷ். வெப்பம் விரும்பும் பாக்டீரியாவைத் தேடுகிறவர்கள் வழக்கமாக இன்குபேட்டரை 55 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். 55-ல் வாழ்கிறவை கிடைக்கும். அதற்கு மேல் வாழ்கிறவை கிடைக்காது. ஆகவே அப்படிப்பட்டவை பெரிதாக இல்லை. பேருந்து நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த ஊருக்கு ரயிலே வருவதில்லை என்று ஆய்வுக் கட்டுரை எழுதுவது மாதிரி.

இந்தியானா பல்கலைக்கழகத்துக்காரரான தாமஸ் பிராக் 1964-ல் யெல்லோஸ்டோனுக்குப் போனபோது இந்த ரங்கோலியைப் பார்த்து மலைத்துப்போய், அதன்பின் கோடைதோறும் அங்கேயே பழியாய்க் கிடந்தார். 80 டிகிரியைத் தாண்டிய ஓடையிலும் இளஞ்சிவப்பு நார்கள் ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டார். 1966-ல் மஷ்ரூம் ஸ்பிரிங் என்ற ஊற்றிலிருந்து கொஞ்சம் வழவழப்பை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். அதை வளர்க்கும் வேலை, இளங்கலை படித்துக்கொண்டிருந்த ஒரு பையனிடம் வந்தது. கொதிநீரில் வாழும் உயிரை வளர்க்கப்போன அவருடைய பெயர் ஹட்சன் ஃப்ரீஸ். 'ஃப்ரீஸ்' என்றால் உறைந்துபோவது. நான் வைத்த பேர் இல்லை.

வளர்ப்பது லேசில்லை. வழக்கமாக பாக்டீரியாவுக்குக் கல்யாணச் சாப்பாடு போடுவார்கள்: சத்துக் குழம்பு கெட்டியாக, தாராளமாக. இதற்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாடு கூடினால் வளராமல் முரண்டு பிடித்தது. பத்தியக் கஞ்சி மாதிரி நீர்த்த கரைசலை ஊற்றி, 70 டிகிரி சூட்டில் வைத்த பிறகுதான் குழாயில் கலங்கல் தட்டியது. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஒரு கலங்கல், அவ்வளவுதான். அதை உற்றுப் பார்த்த முதல் மனுசன் ஃப்ரீஸ். 1969-ல் இருவரும் 'தெர்மஸ் அக்வாட்டிகஸ்' என்று பெயர் சூட்டிக் கட்டுரை வெளியிட்டார்கள். நம் காபி பிளாஸ்க்குக்கும் இதற்கும் பெயரில் ஒரே கிரேக்கப் பாட்டிதான்.

கட்டுரைக்குள்ளேயே ஒரு குட்டு வெளிப்பட்டது. 2,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் போய், கரடி உலவும் காட்டில் தேடிப் பிடித்த இந்த ஜீவனின் சொந்தக்காரர்கள், இந்தியானாவில் அவர்கள் ஊர் வெந்நீர்க் குழாயிலேயே குடியிருந்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் இவர்கள் தினமும் கை கழுவிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பிராக் அந்தப் பாக்டீரியாவைக் காப்புரிமை, கீப்புரிமை எதுவும் இல்லாமல் அமெரிக்க நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் ஒப்படைத்தார். கேட்பவர் யாரும் சிறு கட்டணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். 1976-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் சியென், டேவிட் எட்கர், ஜான் ட்ரீலா மூவரும் அதிலிருந்து டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியைப் பிரித்தெடுத்து, 80 டிகிரியில்தான் இது உற்சாகமாக வேலை செய்கிறது என்று எழுதினார்கள். உலகம் அதைப் படித்து, ஓகோ என்று சொல்லி, அலமாரியில் வைத்துப் பூட்டியது.

இப்போது மேடைக்கு வருகிறார் கேரி முல்லிஸ். கலிபோர்னியாவில் சீட்டஸ் என்ற கம்பெனியில் வேலை, கடலலையில் பலகை ஏறுவது பொழுதுபோக்கு. 1983-ல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஹோண்டா காரில், பக்கத்தில் காதலி தூங்க, மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தவருக்கு யோசனை உதித்தது. டி.என்.ஏ. இரட்டைச் சரம். 95 டிகிரிக்குச் சூடாக்கினால் இரண்டாகப் பிரியும். ஆறவிட்டால் நமக்கு வேண்டிய இடத்தில் ஒரு துண்டு போய் ஒட்டும். அங்கிருந்து நொதி படியெடுக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். சதுரங்கக் கட்டத்தில் நெல் வைத்த கதைதான். 30 சுற்றில் 107 கோடி பிரதி. காரை ஓரம் கட்டிவிட்டுக் கணக்குப் போட்டார்.

யோசனை பிரமாதம், நடைமுறை பரிதாபம். அவர்கள் பயன்படுத்திய நொதி நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுடையது. அது உடம்புச் சூட்டுக்குப் பழகினது. 95 டிகிரியில் முட்டை வெள்ளைக்கு என்ன நடக்குமோ அதுவே அதற்கும் நடக்கும். இட்லிக் கடையில் ஒவ்வொரு ஈடு அவிக்கும்போதும் மாஸ்டரும் கூடவே வெந்துபோய், அடுத்த ஈட்டுக்குப் புது மாஸ்டரை அமர்த்துவது மாதிரி, சுற்றுக்குச் சுற்று ஒருவர் குழாயைத் திறந்து புது நொதி ஊற்ற வேண்டும். முப்பது ஈடு, முப்பது மாஸ்டர்.

அப்போதுதான் அலமாரிச் சாவியைத் தேடினார்கள். சீட்டஸில் டேவிட் கெல்ஃபாண்டும் சூசன் ஸ்டோஃபலும் யெல்லோஸ்டோன் பாக்டீரியாவின் நொதியைத் தயாரித்துக் கொடுத்தார்கள். 'டாக்' என்று செல்லப்பெயர். புரதம் என்பது மடித்துக் கட்டின சங்கதி. சூடு பட்டால் அவிழும். ஈ.கோலையின் நொதி ஓரம் செருகின வேட்டி என்றால், இது பெல்ட் போட்டுக் கட்டினது. 95 டிகிரியில் 40 நிமிடம் கிடந்தாலும் பாதி பலம் மிச்சமிருக்கும். காலையில் ஒரு தடவை ஊற்றி மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம். 1989-ல் 'சயன்ஸ்' இதழ் இந்த நொதியை ஆண்டின் மூலக்கூறு என்று அறிவித்துப் பொன்னாடை போர்த்தியது.

இனி மொய்க் கணக்கு. முல்லிஸுக்குக் கம்பெனி கொடுத்த போனஸ் 10,000 டாலர். 1991-ல் அதே கம்பெனி, பி.சி.ஆர். என்று பெயர் பெற்ற அந்தப் படியெடுப்பு முறையின் உரிமையை ரோஷ் நிறுவனத்துக்கு விற்ற விலை 30 கோடி டாலர். முல்லிஸ் 1993-ல் வேதியியல் நோபல் வாங்கிப் பாதி ஆறினார். பிறகு தன் சுயசரிதையில், ஒளிரும் ரக்கூன் ஒன்று ராத்திரியில் தனக்கு வணக்கம் சொன்னதாக எழுதினார். எச்.ஐ.வி.யால் எய்ட்ஸ் வருவதில்லை என்றும் வாதாடினார். ரத்தத்தில் எச்.ஐ.வி.யை அளப்பதே இவர் கண்டுபிடித்த முறையால்தான். பிராக்குக்கும் ஃப்ரீஸுக்கும் 2013-ல் 'பொன் வாத்து' என்றொரு விருது கிடைத்தது. யெல்லோஸ்டோனுக்கு? சுழி. விழித்துக்கொண்ட பூங்கா 1997-ல் டைவர்சா என்ற கம்பெனியோடு பங்கு ஒப்பந்தம் போட, உடனே வழக்கு வந்து, முதலில் சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராயுங்கள் என்று 1999-ல் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. சிப்பாய்களிடம் துவைப்புக் கூலி வாங்காத இடம், வேறெப்படி இருக்கும்.

கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டுக் குடைந்து எடுத்ததைப் படிக்குப் படி பெருக்கிப் பார்த்ததும் இந்த வம்சத்து நொதிகள்தான். ஆய்வுக்கூடத்தில் அதை நேரில் பார்க்க ஆசைப்பட்டால் ஏமாந்துபோவீர்கள். சுண்டுவிரல் நுனி அளவு பிளாஸ்டிக் குப்பியின் அடியில், கிளிசரின் கலந்து, தேன் மாதிரி கெட்டியாக ஒரு சொட்டு. பிப்பெட்டால் உறிஞ்சினால் நுனியில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். கொதிநீரில் குடித்தனம் நடத்தின பரம்பரை. கடையிலிருந்து வருவது ஐஸ் பெட்டியில், வைத்திருப்பது மைனஸ் 20 டிகிரியில். வெளியே ஐந்து நிமிடம் வைத்தால் சீனியர் திட்டுவார். ஃப்ரீசர் கதவை உடனே சாத்த வேண்டும்.