பெண் வீட்டார்

வார இறுதியில் எங்கே போவது என்பதை நாங்கள் ஐந்து நிமிஷத்தில் முடிவு செய்துவிடுவோம். சோறு யார் கட்டுவது என்பதற்குத்தான் வியாழக்கிழமையிலிருந்தே பேச்சுவார்த்தை நடக்கும். தென்கொரியாவில், தேகு நகரத்துப் பக்கம், லேபில் குப்பி கழுவிப் பிழைக்கிற நாலு பேர் நாங்கள். ஊரில் எங்கள் அம்மாக்கள் சொல்லும்போது அது 'கொரியாவில் சயின்டிஸ்ட்' என்று ஆகிவிடும். நாகர்கோவில்காரர் எங்களில் மூத்தவர், ஆகவே அண்ணாச்சி. மதுரைக்காரன் என் வயசு. கோயம்புத்தூர்க்காரர் சுத்த சைவம். அவருக்காகத்தான் சோறு கட்டுகிறோம் என்று மற்ற மூவரும் சொல்லிக்கொள்வோம். கட்டியதில் முக்கால் பங்கு எங்கள் வயிற்றுக்குப் போகும். நான் திருவிடந்தை.

கொரியாவில் சைவமாக இருப்பது தவம். கிம்ச்சி முட்டைக்கோஸ்தானே என்று கை வைத்தால் உள்ளே இறால் ஊறிக் கிடக்கும். கீரை மசியல் மாதிரி இருப்பது நெத்திலிச் சாற்றில் வெந்திருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று கோவைக்காரர் கொரிய மொழியில் நெட்டுருப் போட்டு வைத்திருக்கிறார். கடைக்கார அம்மாளும் பெரிதாகத் தலையாட்டிவிட்டு, மேலே ஹாம் துண்டை அழகாக அடுக்கிக்கொண்டு வருவார். ஹாமெல்லாம் இறைச்சியா என்ன என்ற முகத்தோடு. "பரவால்லீங்க, நல்ல மனசுங்க" என்று இவர் ஹாமைப் பொறுக்கி மதுரைக்காரன் தட்டில் வைப்பார். மதுரைக்காரன் அவரோடு எந்த ஊருக்கும் கிளம்பிவிடுவதன் ரகசியம் இதுதான்.

அந்தச் சனிக்கிழமை முதலில் பேசியது பூசானுக்குப் போவதாக. ஹேயுண்டே கடற்கரை பிரபலம். கோடையில் மணலே தெரியாமல் குடை நட்டிருப்பார்கள். அண்ணாச்சி ஒப்புக்கொள்ளவில்லை. "கடலைப் பாக்கியதுக்குக் கன்னியாகுமரிக்காரன் ரயில் ஏறுவானால? ஏற்கெனவே மூணு கடல் பாத்தாச்சு." நானும் சென்னைப் பக்கத்துக் கோவளத்துக்கு அடுத்த ஊர்க்காரன்; எனக்கும் கடல் தேவைப்படவில்லை. கடலே இல்லாத ஊர்க்காரரான கோவைக்காரர் மட்டும் ஏக்கத்தோடு பார்த்தார். அவரைச் சமாதானப்படுத்த, "வேற இடம், நம்ம பொண்ணு வாழ்க்கைப்பட்ட ஊரு" என்றார் அண்ணாச்சி. அப்படித்தான் பூசானுக்குப் பக்கத்திலிருக்கும் கிம்ஹே முடிவானது.

தேகுவிலிருந்து போக அதிவேக ரயில் இருக்கிறது. நாங்கள் ஏறுவது முகுங்ஹ்வா. அந்நாட்டின் தேசிய மலரின் பெயர் அது. நம் செம்பருத்திக்கு ஒன்றுவிட்ட தங்கை. வண்டியின் சுபாவம் நம் பாசஞ்சர். டிக்கெட் மலிவு, அவசரம் கிடையாது, ஏறுகிறவர்களில் பாதிப் பேர் மூட்டையோடு வரும் பாட்டிகள். அப்படி ஒரு பாட்டி எதிரே உட்கார்ந்தார். நாங்கள் புளியோதரை டப்பாவைத் திறந்ததும் பெருங்காயம் பெட்டி முழுக்கப் பரவியது. ஒரு இளைஞன் ஜன்னலைத் தேடினான்; அது திறக்காத ஜன்னல். பாட்டி மட்டும் மூக்கைச் சுளிக்கவில்லை. கையை நீட்டி ஒரு உருண்டை வாங்கிச் சாப்பிட்டு, பதிலுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து இரண்டே கேள்விகள் கேட்டார். என்ன வயசு? கல்யாணம் ஆயிற்றா?

மற்ற மூவரும் சிரித்த சிரிப்பில் புளியோதரை புரையேறியது. காரணம் உண்டு. திருவிடந்தை என்றால் நித்யகல்யாணப் பெருமாள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. காலவ ரிஷிக்கு 360 பெண்கள். நாளைக்கு ஒருத்தியாகப் பெருமாளே எல்லோரையும் மணந்துகொண்டு, கடைசி நாளில் அத்தனை பேரையும் ஒருத்தியாக்கி, இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டார் என்பது தலபுராணம். ஆகவே கல்யாணம் தட்டிப்போகிறவர்கள் வந்து அர்ச்சனை செய்து, மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது முறை பிராகாரம் சுற்ற வேண்டும். மாலையைப் பத்திரமாக வீட்டில் வைத்திருந்து, கல்யாணமானதும் ஜோடியாக அதை எடுத்துக்கொண்டு வர வேண்டும். வெளியூர்க்காரர்கள் சாரிசாரியாக வருகிறார்கள். 2018 ஏப்ரலில் ராணுவத் தளவாடக் கண்காட்சி எங்கள் ஊரில்தான் நடந்தது; பீரங்கி பார்க்க வந்தவர்களிலும் சிலர் மாலை வாங்கியிருப்பார்கள் என்பது என் ஊகம். இப்படி நாட்டுக்கே கல்யாணம் செய்துவைக்கிற ஊரில் பிறந்து, பெருமாளைத் தினமும் பார்த்து வளர்ந்தவன் முப்பது தாண்டியும் ஒண்டிக்கட்டை. சன்னிதித் தெருக்காரனுக்குச் சாமி கொஞ்சம் அசிரத்தைதான்.

இதையெல்லாம் பாட்டிக்கு விளக்க எங்கள் கொரிய மொழி போதாது. "இல்லை" என்றேன். அவர் என் கையிலிருந்த ஆரஞ்சைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, இன்னொன்று கொடுத்தார். 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை என்று கணக்கெடுத்த நாடு அது. அங்கே பாட்டிகளின் கவலைக்கு வெளிநாட்டவன், உள்நாட்டவன் என்ற பேதம் கிடையாது.

மிர்யாங் நிலையம் வருவதற்குள் மதியத்துக்கான புளியோதரை தீர்ந்துவிட்டது. மணி பத்துகூட ஆகவில்லை.

குபோவில் இறங்கி, மெட்ரோ ரயிலில் தேஜோ வரை போய், அங்கிருந்து ஓட்டுநர் இல்லாத சின்ன ரயிலில் கிம்ஹே. ஓட்டுநர் இல்லாததால் முன் சீட்டு பயணிகளுக்கே. மதுரைக்காரன் ஓடிப்போய் இடம் பிடித்தான். பக்கத்து இடத்துக்குப் போட்டியிட்டது ஒரு ஏழு வயசுப் பையன்.

அண்ணாச்சி சொன்ன 'நம்ம பொண்ணு' கதை வாட்ஸ்அப் வைத்திருக்கிற தமிழர்கள் எல்லோருக்கும் வந்து சேர்ந்திருக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இர்யோன் என்ற பௌத்தத் துறவி தொகுத்த 'சம்குக் யூசா'வில் இருக்கிறது. கயா நாட்டு அரசன் சூரோ. பெண் பார்க்கலாம் என்று மந்திரிகள் சொன்னால், "மேலேயிருந்து ஏற்பாடாகும்" என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தான். கடல் கடந்து அயுதா என்ற நாட்டில் ஒரு ராஜாவுக்கும் ராணிக்கும் கனவு வருகிறது: உங்கள் பெண்ணைச் சூரோவுக்கு அனுப்புங்கள். கி.பி. 48இல் பதினாறு வயசுப் பெண் கப்பலில் வந்து இறங்குகிறாள். பெயர் ஹோ ஹ்வாங்-ஓக். பத்துப் பிள்ளைகள் என்பது பிற்கால வழக்கு. இரண்டு பேர் மட்டும் அம்மாவின் ஹோ என்ற குடும்பப் பெயரை வைத்துக்கொள்ள, மற்றவர்கள் கிம். இன்றைக்குக் கிம்ஹே கிம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் நாற்பது லட்சத்துக்கும் மேல். ஹோக்களோடு பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள் என்பது பழைய வழக்கம். ஒரே கோத்திரம். ராணி இறந்தது 157 வயசில் என்கிறது அந்த நூல். கணவர் அவருக்குப் பிறகு பத்து வருஷம் இருந்தாராம்.

அந்த அயுதா எது என்பதுதான் வழக்கு. அயோத்தி என்று கொரியர்கள் நம்பி, 2001இல் சரயு நதிக்கரையில் நினைவுச்சின்னமே எழுப்பிவிட்டார்கள். தாய்லாந்து அயுத்தயாவாக இருக்கலாமே என்று நான் மெல்ல ஆரம்பித்தபோது, "அது 1351இல் கட்டின ஊருல. புஸ்தகம் எழுதினவன் செத்தப்புறம் வந்தது" என்று அண்ணாச்சி வாயை அடைத்தார். அவர் கட்சி, ஆய் நாடு. குமரிப் பக்கம், பொதிகை மலையடி. "ஆய்... அயுதா. இதுக்கு மேல என்னவாக்கும் வேணும்?"

சூரோவின் சமாதி ஒரு பெரிய புல் மேடு. முன்னால் வாசலில் இரண்டு மீன்கள் ஒன்றையொன்று பார்த்தபடி வரையப்பட்டிருந்தன. மதுரைக்காரன் அலறிவிட்டான். "ரெண்டு மீனுண்ணே! பாண்டியன் முத்திரைண்ணே!" வைகையில் கப்பல் விட்டார்களா என்று அண்ணாச்சி கேட்க, கொற்கை யாருடைய துறைமுகம் என்று இவன் திருப்பிக் கேட்க, சத்தம் ஏறியது. ஊருக்குக் கடலே இல்லாத காரணத்தால் கோவைக்காரர் நடுவராக நியமிக்கப்பட்டார். அவர் செல்போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உத்தரப்பிரதேச அரசாங்க முத்திரையிலயும் ரெண்டு மீன் இருக்குதுங்க" என்றார். மதுரைக்காரன் அதற்கப்புறம் அரைமணி நேரம் அவரோடு பேசவில்லை.

ராணியின் சமாதி கொஞ்சம் தள்ளி. அங்கே பாசா என்றழைக்கப்படும் கல் கோபுரம் ஒன்று கூரைக்கடியில் நிற்கிறது. முதலில் கப்பல் கிளம்பியபோது கடல் கொந்தளித்துத் திருப்பி அனுப்பிவிட்டதாம். அப்பா இந்தக் கல்லை ஏற்றிக்கொண்டு போகச் சொன்னாராம், கடல் அடங்கிற்று. சிவப்புத் திட்டுகள் ஓடிய கல். என் முறை வந்தது. "கல்லைச் செதுக்கிக் கப்பலில் ஏற்றுவது என்றால் மாமல்லபுரம்தான். இன்றைக்கும் அங்கே உளிச் சத்தம் ஓயவில்லை. 2017இல் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறார்கள். பெண்ணுக்கு வரன் அமையவில்லை; திருவிடந்தைக்கு வந்து மாலை போட்டுச் சுற்றியிருக்கிறார்கள்; அன்று ராத்திரியே கனவு. அடுத்த ஊரில் கப்பல்."

அண்ணாச்சி இரண்டே கேள்வியில் முடித்தார். "திருமங்கையாழ்வார் உங்க பெருமாளைப் பாடினது எட்டாம் நூற்றாண்டு. கி.பி. 48இல அங்க என்னல இருந்தது, சவுக்குத் தோப்பா? இன்னொண்ணு, இந்தக் கல்லைப் பாரு. கோணலும் மாணலுமா இருக்கு. இதையா உங்க ஊரு ஸ்தபதி செஞ்சான்?" இரண்டாவதுதான் வலித்தது. நான் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோவில் வந்தாள். "பின்னாடி என்னடா மேடு?" ராணி சமாதி என்றேன். "சமாதிக்கா போனே? தலைக்குக் குளிச்சிட்டு ரூமுக்குள்ள போ." கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். முழுதும் கேட்டாள். "பதினாறு வயசுப் பொண்ணு, பாஷை தெரியாத ஊருக்குக் கப்பலேறித் தானே போயிருக்கு. நீயும்தான் ஏரோப்ளேன்ல போயிருக்கே." எனக்கும் சூரோ மாதிரி மேலேயிருந்து ஏற்பாடாகும் என்று சொல்லிப் பார்த்தேன். "அவன் ராஜாடா. நீ கான்ட்ராக்ட்" என்று வைத்துவிட்டாள்.

புல் மேட்டைப் பார்த்தபடி மதுரைக்காரன்தான் அதைக் கண்டுபிடித்தான். என் பேராசிரியர் கிம்ஹே கிம். விருந்தில் அவரே பெருமையாகச் சொன்னது. அண்ணாச்சியின் பேராசிரியரும் கிம்ஹே கிம். பெண் நம் ஊர் என்றால், அவர்கள் நம் பெண்ணின் பேரப்பிள்ளைகள்; நாம் சம்பந்தி. பிறகு ஏன் சனிக்கிழமையும் லேபுக்கு வரச் சொல்கிறார்கள், ராத்திரி பதினோரு மணிக்கு வேலை அனுப்புகிறார்கள், நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்? அண்ணாச்சி தாடையைத் தடவினார். "நாம பொண்ணு வீடு மக்கா. அவங்க மாப்பிள்ளை வீடு. ரெண்டாயிரம் வருஷமானாலும் அப்படித்தான் இருக்கும்." கொரியாவைப் பற்றி இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. காப்பி சூடாக இல்லை என்று என் பேராசிரியர் முகம் சுளிப்பதற்கெல்லாம் அர்த்தம் புரிந்துவிட்டது.

பக்கத்தில் கூஜிபோங் என்று ஒரு சின்னக் குன்று. சூரோ பிறந்த இடம். வானத்திலிருந்து ஆறு பொன் முட்டைகள் இறங்கின, அதில் ஒன்று அவர். முட்டை இறங்குவதற்காக ஜனங்கள் பாடிய பாட்டு, ஆமையைப் பார்த்துத் தலையை நீட்டு, இல்லாவிட்டால் சுட்டுத் தின்றுவிடுவோம் என்று மிரட்டுகிற பாட்டு. எங்கள் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். முட்டையைக் காப்பாற்ற ராத்திரியில் ஆட்கள் மணலில் நடப்பார்கள். இங்கே ராஜாவை வரவழைக்கவே ஆமைக்கு மிரட்டல். சுட்டுத் தின்பது என்ற சொல் வந்ததுமே எங்கள் நாலு பேருக்கும் பசி தாங்கவில்லை.

கிம்ஹேயைச் சுற்றித் தொழிற்சாலைகள் அதிகம். தோங்சாங்-தோங் சந்தைப் பக்கம் போனால் வியட்நாம், உஸ்பெக், நேபாளம், இந்தோனேசியா என்று தெருவே வேறு. அங்கே ஒரு கடையில் கறிவேப்பிலை கண்ணில் பட்டது. கோவைக்காரர் அதைக் கையிலெடுத்து முகர்ந்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பக்கத்தில் நின்ற பையன், "நீங்க தமிழா அண்ணே?" என்றான். மட்டக்களப்பு. அச்சுப்பட்டறையில் வேலை. 2004இல் கொரியா கொண்டுவந்த வேலை அனுமதித் திட்டத்தில் இலங்கை உண்டு, இந்தியா கிடையாது. கொரிய மொழிப் பரீட்சை எழுதித் தேறினால்தான் வர முடியும். ஆகவே டாக்டர் பட்டம் வாங்கிய நாலு பேருக்கும் அவன்தான் கொரிய மொழியில் பேசி, ஒரு இலங்கைச் சாப்பாட்டுக்கடை மாடியைக் காட்டி, கோவைக்காரருக்கு மாசிக் கருவாடு படாத பருப்புக் கறியும் சொன்னான்.

சோறு வந்த பிறகு வழக்கையும் அவன் முன்னால் வைத்தோம். ராணி சமாதிக்குப் போயிருக்கிறாயா என்று கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் லீவு, அது துணி துவைக்கவும் தூங்கவும் சரி என்றான். மூன்று தரப்பையும் பொறுமையாகக் கேட்டான். "அண்ணே, எங்க இருந்து வெளிக்கிட்டாலும் கப்பல் எங்கட நாட்டைச் சுத்தித்தானே வரவேணும்? திருகோணமலையில நிண்டு தண்ணி, அரிசி ஏத்தாம எப்பிடி இவ்வளவு தூரம் வாறது?"

நடுவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே அங்கேயே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். அயோத்தி, ஆய் நாடு, கொற்கை, மாமல்லபுரம் எல்லாம் தள்ளுபடி. மேல்முறையீடு செய்ய நினைத்த அண்ணாச்சி, வாய் நிறைய சொதி இருந்ததால் பேசவில்லை.

ராணி எங்கள் ஊர்க்காரி என்று செய்தி அனுப்புகிற அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொரியாவில் இருந்தால் ஒரு சனிக்கிழமை கிம்ஹேக்குப் போய், அந்த மேட்டையும் மீனையும் கல்லையும் பார்த்துவிட்டுச் சண்டை போடுங்கள். சின்ன ரயிலில் சூரோ சமாதியின் பேரிலேயே நிலையம் இருக்கிறது. புளியோதரை மட்டும் இரண்டு டப்பாவாகக் கட்டிக்கொள்ளுங்கள். ஒன்று மிர்யாங் தாண்டாது.