கைப்பிடிக்குக் காப்பு

கேள்வி: புது காரில் பெயின்ட் கெடாமலிருக்க கதவுக் கைப்பிடி, ஓரங்கள் எல்லாவற்றுக்கும் குரோம் உறை மாட்டிவிட்டேன். இனி கவலையில்லைதானே?

பதில்: உறையைக் கழற்றிப் பார்க்காதவரை கவலையில்லை! நீங்கள் மாட்டியது காப்புதான், காப்பாற்றாது. பெயின்டும் அதன்மேல் கிளியர் கோட்டும் சேர்ந்தே சுமார் 0.1 மி.மீ. கனம். இடுக்கில் புகும் தூசி, வண்டி அதிர அதிர உப்புத்தாளாகத் தேய்க்கும். 'இறுக்கமாகத்தானே ஒட்டியிருக்கிறது, தூசி எப்படிப் போகும்?' என்பீர்கள். மழைத்தண்ணீர் போகிற இடத்தில் மண் போகாதா? தேங்கும் ஈரம், கீறல் தகடுவரை போயிருந்தால், துருவாகிவிடும். ஏதாவது ஒட்டியே தீருவேன் என்றால், இடைவெளியின்றிப் படியும் பெயின்ட் பாதுகாப்பு பிலிம் ஒட்டுங்கள். அடுத்து, முன்பம்பருக்கு இரும்புக் கம்பி மாட்டக் கிளம்பாதீர்கள். அதன்மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு மத்திய அரசு எழுதிவிட்டது.