பல் விளக்கப் பட்டமா?

கேள்வி: பல்லைச் சுத்தம் செய்வதற்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்க வேண்டுமா? என் பாட்டி வேப்பங்குச்சியை வைத்தே எண்பது வயது வரை ஓட்டிவிட்டார்.

பதில்: பாட்டி விளக்கியது தன் பல்லை. பல் சுத்தம் செய்வதையே தொழிலாகக் கொண்ட டென்டல் ஹைஜீனிஸ்ட் கை வைப்பது ஊரார் பல்லில், அதுவும் குச்சி எட்டாத ஈறுக்கு அடியில். அது சரி, எண்பது வயதில் பாட்டிக்கு எத்தனை பல் மிச்சம் என்று நீங்கள் எழுதவில்லையே?

கேள்வி: இந்தப் படிப்பை ஆரம்பித்த புண்ணியவான் யார்?

பதில்: அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட் நகரின் பல் டாக்டர், ஆல்ஃபிரட் ஃபோன்ஸ். தன்னிடம் உதவியாளராக இருந்த உறவுக்காரப் பெண் ஐரீன் நியூமனுக்கு 1906-இல் இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். 1913-இல் பள்ளிக்கூடமே திறந்துவிட்டார். இடம், அவருடைய குதிரைவண்டிக் கொட்டகை! இளக்காரமாக நினைக்காதீர்கள், யேல், ஹார்வர்டு பேராசிரியர்கள் அங்கே வந்து பாடம் நடத்தினார்கள். முதல் அணியில் தேறிய பெண்கள் 27 பேர். படித்த கையோடு பலர் போனது நகரத்துப் பள்ளிகளுக்கு. பிள்ளைகளுக்குச் சொத்தை விழும் முன்பே தடுக்க. 1949-இல் அந்தப் பள்ளி பிரிட்ஜ்போர்ட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

கேள்வி: மூன்று, நான்கு வருஷம் அப்படி என்னதான் சொல்லித் தருவார்கள்?

பதில்: முதல் பாடம் பிடி. காரை சுரண்டும் ஸ்கேலரைப் பேனா போலப் பிடித்து, மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்ற வேண்டும். ஊன்றிய விரல் வழுக்கினால் ஈறு கிழியும். அதனால் முதலில் ரப்பர் ஈறு வைத்த பொம்மை வாய், அடுத்து வகுப்புத் தோழியின் வாய், கடைசியில்தான் நோயாளி. கிரேசி கியூரெட் என்றொரு கருவி வரிசை உண்டு. அதில் 11/12 எண் கருவி கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்துக்கு, 13/14 பின்பக்கத்துக்கு. மாற்றி எடுத்தால் அலகு பல்லில் படியாது. அப்புறம் புரோப்: மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி. ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் ஈறுக்குள் விட்டு ஆழம் பார்க்க வேண்டும். 28 பல் என்றால் 168 எண்கள். 3 வரை வந்தால் நிம்மதி. 5, 6 என்று வந்தால் உள்ளே எலும்பு கரைகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இதுவரை சொன்னது விரல் வேலை. நாற்காலியில் சாய்ந்திருப்பவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, நாக்கோரத்து வெள்ளைத் திட்டு என்ன கதை என்று கவனிக்க மருந்தியல், நோயியல், நுண்ணுயிரியல் எல்லாம் வேண்டும். கருவியை எடுக்கச் சீக்கிரம் கற்றுவிடலாம். எப்போது கீழே வைக்க வேண்டும் என்று தெரியத்தான் வருஷக்கணக்காகிறது.

கேள்வி: பரீட்சை கஷ்டமா?

பதில்: அமெரிக்காவின் தேசிய எழுத்துத் தேர்வில் 350 கேள்விகள். அதைவிடக் கஷ்டம் ஆள் பிடிப்பது! உரிமத்துக்கான செய்முறைத் தேர்வுக்கு வெகுகாலம் வரை நோயாளியை மாணவியே கூட்டிவர வேண்டியிருந்தது. யாரோ ஒருவர் என்றால் ஆகாது. கேட்ட பற்களில், கேட்ட அளவுக்குக் காரை படிந்திருக்க வேண்டும். பளிச்சென்று சிரிக்கிறவருக்கு அங்கே மதிப்பே இல்லை. மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரையும் ‘கொஞ்சம் வாயைத் திறங்களேன்’ என்று கெஞ்ச வேண்டும். தேடிப் பிடித்த அந்த மகானுபாவர் தேர்வன்று காலை போனை எடுக்காவிட்டால் அதோகதிதான். கொரோனாவுக்குப் பிறகு பல மாநிலங்கள் பொம்மை வாயையே ஒப்புக்கொள்கின்றன. பொம்மை லீவு போடாது.

கேள்வி: ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்கிறார்களே?

பதில்: பல் முன்பே ஆடிக்கொண்டுதான் இருந்தது. இத்தனை நாள் காரை சிமென்ட் மாதிரி ஒட்டிப் பிடித்திருந்தது. பழி மட்டும் ஸ்கேலருக்கு.

கேள்வி: பட்டம் இல்லாமல் இந்த வேலைக்கு வரவே முடியாதா?

பதில்: முடியும். அமெரிக்காவில் பெரும்பாலோர் கம்யூனிட்டி கல்லூரியில் அசோசியேட் பட்டம் வாங்கி உரிமம் பெறுகிறார்கள். அலபாமா மாநிலத்தில் பல் டாக்டரிடம் வேலை பார்த்துக்கொண்டே தேறலாம். நெதர்லாந்திலோ நான்காண்டுப் பட்டம் இருந்தால்தான் வாசல் திறக்கும். என் கட்சியைக் கேட்டால், படிப்பை நீட்டுகிறவர்கள் அதிகாரத்தையும் நீட்ட வேண்டும். மரத்துப்போகும் ஊசியை ஹைஜீனிஸ்ட் போடலாம் என்று வாஷிங்டன் மாநிலம் 1971-லேயே சொன்னது. தனியாகத் தொழில் நடத்தலாம் என்று கொலராடோ 1980-களில் சொன்னது. நான்கு வருஷம் படிக்க வைத்துவிட்டு, ‘டாக்டர் வரும்வரை தொடாதே’ என்றால் எந்த ஊர் நியாயம்?

கேள்வி: நம்மூரில் இப்படி ஒருவரைப் பார்த்ததே இல்லையே?

பதில்: 1948-ஆம் வருஷத்துப் பல் மருத்துவர் சட்டத்திலேயே ஹைஜீனிஸ்ட்டுக்கு இடம் இருந்தது; இரண்டாண்டு டிப்ளமோவும் உண்டு. ஆனால் நம் கிளினிக்குகளில் ஸ்கேலிங் செய்வது பெரும்பாலும் பி.டி.எஸ். முடித்த இளம் டாக்டர்தான். டாக்டரே சொற்பச் சம்பளத்துக்குக் கிடைக்கும்போது ஹைஜீனிஸ்ட்டை யார் தேடப்போகிறார்கள்?

கேள்வி: என் மகளை இதில் சேர்க்கலாமா?

பதில்: கழுத்தும் மணிக்கட்டும் திடமாக இருக்க வேண்டும், நாளெல்லாம் குனிந்து சுரண்டுகிற வேலை. பூண்டு ஊறுகாய் சாப்பிட்டுவிட்டு நேரே வருகிறவரிடமும் முகம் சுளிக்கக் கூடாது. இதையெல்லாம் என்னிடம் கேட்கிறீர்களே, மகளிடம் கேட்டீர்களா?