முதற்கை இயல்: பொயிண்ட் குக் போக்கிமான் போர்களில் புறத்திணைக் கூறுகள்

1914-ல் ராணுவ விமானிகளுக்குப் பயிற்சி தொடங்கியது என்பதோடு பொயிண்ட் குக்கின் போர் வரலாற்றை முடித்துக்கொள்வது அறிஞர் வழக்கம். மெல்பர்னின் தென்மேற்கு ஓரத்திலிருக்கும் அந்தப் புறநகரில், வார இறுதிகளில் தமிழ் வீட்டுக் கார்ப்பெட்டுகளின் மேல் நடக்கும் போக்கிமான் சீட்டுப் போர்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. அக்குறையை இக்கட்டுரை போக்கும்.

தொல்காப்பியர் வகுத்த புறத்திணைகள் ஏழு. போக்கிமானில் முதற்கைக்குச் சீட்டும் ஏழு. 1996-ல் ஜப்பானில் வெளியான ஆட்டத்துக்குத் தொல்காப்பியம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்பவர்கள் ஆய்வு மனப்பான்மை இல்லாதவர்கள். அவர்களை இங்கேயே விட்டுவிடுவோம்.

கட்டில் 60 சீட்டு. எடுத்த ஏழில் 'பேசிக்' போக்கிமான் ஒன்றாவது இருந்தால்தான் களத்தில் ஆள் நிறுத்த முடியும். அது இல்லாத கை காஞ்சித் திணை. நிலையாமை என்றால் இதுதான்.

கள ஆய்வில் கண்டது: ஒன்பது வயது வீரன் ஒருவன் தன் ஏழைப் பிரித்தான். சாரிஸார்டு இரண்டு, நெருப்பு எனர்ஜி நாலு, நெஸ்ட் பால் ஒன்று. சாரிஸார்டு மூன்றாம் கட்டம். பொதுவாகச் சார்மாண்டர் வந்து, சார்மீலியனாக வளர்ந்த பிறகுதான் அவருக்கு இடம். நெஸ்ட் பால் கட்டுக்குள் தேடி பேசிக் போக்கிமானைக் கொண்டுவரும் சீட்டு. ஆனால் பேசிக் இருந்து ஆட்டம் தொடங்கினால்தான் அதைப் போட முடியும். பையன் ஏழையும் எதிரி முன்னால் விரித்து வைத்து "முல்லிகன்" என்றான், அதாவது கலைத்துவிட்டு மறுபடி ஏழு எடுக்க வேண்டும்.

விசாவில் வந்திருந்த தாத்தா பதறிவிட்டார். "டேய், கையக் காட்டாதடா! ரம்மில முதல் டிராப்புக்கு இருபது பாயிண்ட் போனாலும் மூடித்தான்டா வெப்போம்."

"காட்டணும் தாத்தா. அதான் ரூல். அவன் ஒரு கார்டு எக்ஸ்ட்ரா எடுத்துக்கலாம்."

"நம்ம கஷ்டத்துக்கு அவனுக்கு வட்டியா?"

இதைவிடச் சிறந்த உரை இவ்விதிக்கு எழுதப்படவில்லை.

காஞ்சிக்குக் காரணம் விதி அல்ல, ஆசை. சிறுவர்கள் மினுங்கும் சாரிஸார்டுகளை நாலு வைப்பார்கள் (ஒரே பெயரில் அதற்கு மேல் கூடாது, அடிப்படை எனர்ஜிக்கு மட்டும் விலக்கு). சாதா சார்மாண்டருக்கு இடமிருக்காது. கட்டில் பேசிக் நாலே இருந்தால் முதற்கை வெறுங்கையாவதற்கு 60 சதவீத வாய்ப்பு. எட்டு இருந்தால் ஏறக்குறைய 35. பன்னிரண்டு வைத்தால் 19. பையனிடம் இந்தக் கணக்கைக் காட்டியபோது, "பட் சார்மாண்டர் கியூட்டா இல்ல" என்றான். நிகழ்தகவுக் கோட்பாடு இந்த வாதத்தை இன்னும் எதிர்கொள்ளவில்லை.

அடுத்தது வெட்சி, அதாவது ஆநிரை கவர்தல். எதிரி தன் பெஞ்சில் ஐந்து பேர் வரை உட்காரவைக்கலாம். அங்கே பத்திரமாக எனர்ஜி சேர்த்துக்கொண்டிருக்கும் ஒருவரை 'பாஸஸ் ஆர்டர்ஸ்' என்ற சீட்டைப் போட்டு முன்னால் இழுத்துவந்து அடிக்கலாம். இது அப்பட்டமான மாடுபிடிப் போர். கரந்தை சூடி மீட்க வரத் தடையில்லை. ஆனால் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் மாடு போய்விடும்.

வஞ்சி, உழிஞை பற்றிச் சொல்ல அதிகமில்லை. சுற்றுக்கு ஓர் எனர்ஜி என்ற ரேஷனில் படையெடுப்பும் முற்றுகையும் நத்தை வேகத்தில்தான் நடக்கும்.

தும்பையில்தான், அதாவது நேருக்கு நேர் போரில்தான், சிக்கல். முதலில் ஆடுபவர் தன் முதல் சுற்றில் தாக்கக் கூடாது. அப்படியானால் டாஸ் ஜெயித்தவர் முந்துவதா, பிந்துவதா? முந்தினால் எதிரிக்கு முன்பே பரிணாமம் பெறலாம். பிந்தினால் உடனே அடிக்கலாம். உரையாசிரியர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. மூத்தவருக்குப் பதினொன்று, இளையவருக்கு ஒன்பது. ஒருவர் மற்றவரின் உரையைத் தலையணையால் மறுத்ததால் ஆய்வு சிறிது நேரம் தடைப்பட்டது.

கவிழ்த்து வைத்த பரிசுச் சீட்டு ஆறையும் எடுத்துவிட்டால் வாகை. அன்று எடுத்தவர் மூத்தவர். பாடாண் திணைக்கும் உடனே சான்று கிடைத்தது: இரவுத் தோசை முடியும்வரை தன் புகழைத் தானே பாடினார். இதற்கென்று ஒரு புலவரை வைத்துக்கொள்ளும் வழக்கம் பொயிண்ட் குக்கில் இல்லை.