லைட் எரிஞ்சாச்சு, போலாம்

(ஃப்ளோரிடா மாநிலம், ஆர்லாண்டோ. மாப்பிள்ளை இன்சூரன்ஸ் கம்பெனியில் ‘ரிஸ்க்’ பார்க்கிறவர். ரிஸ்க் பார்ப்பதென்றால் ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வது அல்ல, நடந்தால் யார் தலையில் விழும் என்று பார்ப்பது. மாமனார் சென்னையில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இன்டர்நேஷனல் டிரைவ் ஓரமாகக் காரை நிறுத்தியிருக்கிறார்கள்.)

மாப்பிள்ளை: இங்கதான் மாமா அந்த ராட்டினக் கோபுரம் இருந்துச்சு. 430 அடி உயரம். 30 பேரை மேல கொண்டுபோய், முகம் தரையைப் பார்க்கிற மாதிரி முன்னால சாய்ச்சு, அப்படியே விட்டுடுவாங்க.

மாமனார்: காசு வாங்கிக்கிட்டா, குடுத்தா?

மாப்பிள்ளை: வாங்கிக்கிட்டுதான். 2021 டிசம்பர்ல திறந்தாங்க. 2022 மார்ச்ல 14 வயசுப் பையன் ஒருத்தன் கீழ வர்றப்ப சீட்லேர்ந்து நழுவி விழுந்து இறந்துட்டான். மறு வருஷம் கோபுரத்தையே பிரிச்சுட்டாங்க. ஆனா அன்னிக்கு சிஸ்டம் சரியாத்தான் வேலை செஞ்சுது.

மாமனார்: சரியா வேலை செஞ்சா பையன் எப்படி விழுந்தான்?

மாப்பிள்ளை: தோள் மேல இறங்குற கம்பி பூட்டினாத்தான் லைட் எரியும். லைட் எரிஞ்சாத்தான் கிளம்பும். அன்னிக்கு எரிஞ்சுது.

மாமனார்: கம்பிக்கும் சீட்டுக்கும் நடுவுல எவ்வளவு சந்து?

மாப்பிள்ளை: வழக்கமா 3.3 அங்குலம். அந்த சீட்ல கிட்டத்தட்ட 7 அங்குலம் திறந்திருந்தாலும் லைட் எரியற மாதிரி சென்சாரைக் கையால தளர்த்தி மாத்தி வெச்சிருந்தாங்கன்னு விசாரணை அறிக்கையில வந்துச்சு.

மாமனார்: அப்போ லைட் மேல குத்தம் இல்ல. சொல்லச் சொன்னதைச் சொல்லியிருக்கு. மாத்தினது யாரு?

மாப்பிள்ளை: அதுதான் விஷயமே! தயாரிச்சது ஆஸ்திரியா கம்பெனி. நடத்தினது வேற கம்பெனி. இடம் இன்னொருத்தரோடது. அனுமதி குடுத்தது மாநில வேளாண்மைத் துறை.

மாமனார்: வேளாண்மைத் துறையா? 430 அடி வளர்ந்திருக்கேன்னு ஏதோ பயிர்னு நெனச்சுட்டாங்களோ!

மாப்பிள்ளை: இங்க ராட்டினமெல்லாம் அவங்க பொறுப்புதான். ஆயிரம் பேருக்கு மேல வேலை பார்க்கிற பெரிய தீம் பார்க், சொந்தமா இன்ஸ்பெக்டர் வெச்சிருந்தா துறையோட சோதனையும் வேண்டாம். அவங்களே சோதிச்சுக்கலாம்.

மாமனார்: அது சரி. பக்கத்துல நின்னு பையனை ஏத்தி விட்டவங்க?

மாப்பிள்ளை: மேனுவல்ல தெளிவா இருக்கு மாமா. 130 கிலோதான் உச்சவரம்பு. உடம்பு சீட்டுக்குள்ள அடங்கலைன்னா ஏத்தவே கூடாது. பையன் 170 கிலோவுக்கு மேல.

மாமனார்: நாப்பது கிலோ வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதா?

மாப்பிள்ளை: கண்ணை நம்ப முடியாதுன்னுதானே சென்சார் வெக்கிறாங்க!

மாமனார்: பெல்ட்டு?

மாப்பிள்ளை: பெல்ட் கிடையாது. ஒண்ணு 22 டாலர், 30 சீட்டுக்கும் சேர்த்து 660 டாலர்தான் ஆகியிருக்கும்னு பின்னாடி கணக்குப் போட்டாங்க.

மாமனார்: எதையும் பின்னாடி போட்டா கணக்கு சரியா வருது. எங்க காலத்துல லைட் எல்லாம் ஏது? படியில ஒரு கால் தொங்கினாலும் விசில் குடுக்க மாட்டேன். டிரைவர் திட்டுவாரு, உள்ள இருக்கிறவன் திட்டுவான். கால் உள்ள வந்தாத்தான் வண்டி போகும்.

மாப்பிள்ளை: சும்மா இருங்க மாமா. நான் காலேஜ் போனதே 29சி பஸ்ல தொங்கிக்கிட்டுதான். அதுக்கு விசில் அடிச்சதும் உங்கள மாதிரி ஒருத்தர்தானே?

மாமனார்: (கொஞ்சம் இறங்கி) அடிச்சிருப்போம். இல்லைன்னு சொல்லல. ஆனா எவனாவது விழுந்தா டெப்போல முதல் கேள்வி, ‘விசில் யாரு?’ சஸ்பெண்ட் ஆர்டர்ல ஒரே பேருதான் இருக்கும். இங்க யார் பேரு வந்துச்சு?

மாப்பிள்ளை: நடத்தின கம்பெனி மாநிலத்துக்கு 2.5 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒத்துக்கிட்டாங்க. ஆஸ்திரியா கம்பெனி 31 கோடி டாலர் குடுக்கணும்னு 2024 டிசம்பர்ல ஜூரி சொல்லிட்டாங்க. ஆனா அந்தக் கம்பெனி கோர்ட் பக்கமே வரலை.

மாமனார்: அவங்களுக்கு இன்னும் லைட் எரியலை போல.

மாப்பிள்ளை: சட்டமும் வந்தாச்சு மாமா. 2023-ல, அந்தப் பையன் பேர்லயே.

மாமனார்: அத்தனை கம்பெனி, அத்தனை ஆபீசர். கடைசியில எழுதி வெச்ச பேரு செத்தவன் பேரா?

மாப்பிள்ளை: (போனை எடுத்து) பேருன்னதும்தான் ஞாபகம் வருது. நாளைக்குப் பசங்களோட போற பார்க்குக்கு ஒரு படிவம் நிரப்பணும். உங்க முழுப் பேரைச் சொல்லுங்க.

மாமனார்: எதுக்கு?

மாப்பிள்ளை: என்ன ஆனாலும் ஏறினவரே பொறுப்புன்னு ஒத்துக்கறதுக்கு.

மாமனார்: நான் கீழ நின்னு பையைப் பார்த்துக்கறேன் மாப்பிள்ளை. அதுக்கும் படிவம் உண்டா?